கிழிந்த மூலை

பெருமாநல்லூர்
21.7.2008

மதிப்புக்குரிய சித்ராதேவி டீச்சருக்கு, பழனாயி எழுதுவது.

நலம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் நலம்தானே? மே மாதம் மனமொத்த மாறுதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மதுரையில் ஒரு டீயை இரண்டு டம்ளரில் பிரித்துக் குடித்தோமே, அந்தப் பழனாயிதான். உசிலம்பட்டிப் பக்கம் நான் பதினோரு வருடம் பார்த்த பள்ளி உங்களுக்கு. இங்கே நீங்கள் ஒன்பது வருடம் பார்த்த பள்ளி எனக்கு. இருவருக்கும் சொந்த ஊர் கிடைத்தது.

போன வியாழக்கிழமை போன் செய்தேன். பாதியில் வைத்துவிட்டீர்கள். சிக்னல் போனதோ, கோபமோ, எனக்கு விளங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். நாலு வகுப்பையும் ஒரே அறையில் வைத்து அட்டைகள் மூலமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். ஜூன் மாதம் நான் வந்தபோது பிள்ளைகள் அட்டையை எடுப்பதும் வாசிப்பதும் வைப்பதுமாக இருந்ததைப் பார்த்து மலைத்துப்போனேன். சுவரில் தொங்கும் ஏணிப் படத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனையாவது படியில் இருக்கிறது என்று குறித்திருக்கிறீர்கள். நாலாம் வகுப்புக் கவிப்பிரியா உச்சிப் படியில் இருந்தாள்.

அட்டைகள் நைந்துவிட்டன என்று போன வாரம் புதுக்கட்டு வந்தது. அதே பாடம், அதே வாக்கியங்கள், அதே அளவு எழுத்து. கவிப்பிரியாவிடம் ஒன்றைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "இது எங்க அட்டை இல்லீங்க டீச்சர்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதே வாக்கியம் உள்ள பழைய அட்டையைக் கொடுத்தால் மடமடவென்று வாசிக்கிறாள். இவள் மட்டும் இல்லை. முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் இப்படித்தான்.

என்னைக் கண்டு பயமா, புது அட்டை வாசம் பிடிக்கவில்லையா, ஒன்றும் புரியவில்லை. நீங்கள் எப்படி வாசிக்க வைத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.

அன்புடன்,
பழனாயி


உசிலம்பட்டி வழி
30.7.2008

பழனாயி டீச்சருக்கு வணக்கம்.

சிக்னல் நன்றாகவே இருந்தது. நான்தான் வைத்தேன். "உங்க புள்ளைங்களுக்குப் படிக்கத் தெரியலீங்களே" என்று நீங்கள் எடுத்த எடுப்பில் கேட்டால், வேறு என்ன செய்ய?

பிப்ரவரியில் கல்வி அதிகாரி வந்தார். அவரே கைவிட்டு அட்டைகளைக் கலைத்துப்போட்டு எடுத்துக் கேட்டார். கவிப்பிரியா ஒன்று விடாமல் வாசித்தாள். ஒன்றியத்திலேயே இப்படி ஒரு வகுப்பைப் பார்க்கவில்லை என்று பார்வையாளர் ஏட்டில் எழுதிவிட்டுப் போனார். அலமாரியில்தான் இருக்கிறது, எடுத்துப் படித்துப் பாருங்கள். ஒன்பது வருடம், டீச்சர். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தார், நான் அந்த அறையில் கிடந்தேன். அந்தப் பிள்ளைகளுக்குப் பேன் பார்த்திருக்கிறேன். ஆறே வாரத்தில் நீங்கள் வந்து தீர்ப்பு எழுதுகிறீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சரி, உங்கள் பிள்ளைகளின் லட்சணத்தை நானும் சொல்கிறேன். எழுத்து என்றால் எழுத்து, இருநூற்று நாற்பத்தேழும் தலைகீழாகச் சொல்கிறார்கள். எதைக் கொடுத்தாலும் வாசிக்கிறார்கள். மிட்டாய்க் காகிதம், ரேஷன் அட்டை, என் மாறுதல் ஆணை, எல்லாம். அடடா, பழனாயி டீச்சர் கெட்டிக்காரி என்று நானும் முதலில் நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, "நாளை உள்ளூர் விடுமுறை. பள்ளி இல்லை" என்று கரும்பலகையில் எழுதினேன். முனீஸை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். கணீரென்று வாசித்தான். பிறகு வகுப்பே சேர்ந்து மூன்று தடவை வாசித்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இருபத்திரண்டு பேரும் பையோடு வந்து பூட்டிய கதவு முன்னால் நிற்கிறார்களாம். பள்ளிக்குப் பக்கத்து வீட்டு வீரணன் ஆள் விட்டுக் கூப்பிட்டார். நான் போய், "ஏண்டா, நேத்து நீங்கதானடா வாசிச்சீங்க?" என்றேன். முனீஸ் சொன்னான்: "வாசிக்கச் சொன்னீங்க, வாசிச்சோம். லீவுன்னு நீங்க சொல்லலையே டீச்சர்."

இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சித்ராதேவி


பெருமாநல்லூர்
14.8.2008

சித்ராதேவி டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அடுப்பில் சோறு பொங்கி வழிகிற வரைக்கும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பதினோரு வருடத்தில் ஒரு நாள் கூட, வாசித்ததற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பிள்ளைகளிடம் நான் கேட்டதில்லை. எழுத்து தெரிந்தால் அர்த்தம் தானாக வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லையா? எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

கவிப்பிரியாவின் அம்மா ஆயம்மாள் கம்பெனியில் கைமடி வேலை. தையல்காரருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்து மடித்துக் கொடுப்பவர் என்று உங்களுக்குத் தெரியும். கழுத்தில் தைக்கிற லேபிள்கள் கலந்து போனால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அளவுவாரியாகப் பிரித்துக் கொடுப்பார்களாம். நான் ஒரு நாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கவிப்பிரியா தரையில் குவியலை வைத்துக்கொண்டு, சீட்டுப் போடுகிற மாதிரி பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு லேபிளின் எழுத்தைக் கூட அவள் பார்க்கவில்லை. ஆயம்மாள் பெருமையாகச் சொன்னாள்: "எம் புள்ளைக்கு எழுத்தெல்லாம் வேண்டாமுங்க. ஓரத்து நூலையும் வெட்டின வாட்டத்தையும் பாத்தே பிரிச்சுப்போடுமுங்க. கண்ணு அப்படி!"

ராத்திரி முழுக்க அது மண்டையைக் குடைந்தது. மறுநாள் பழைய அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் மூலை கிழிந்திருக்கிறது. ஒன்றில் மை. ஒன்றில் டீக்கறை. கறை பட்ட அட்டையில் இருந்தது "மாமா பட்டம் விட்டார்". நான் புதுக்கட்டில் "பானை உடைந்தது" என்ற அட்டையை எடுத்து, அதே இடத்தில் டீயை வைத்துக் காயவிட்டுக் கவிப்பிரியாவிடம் கொடுத்தேன்.

அவள் முகம் மலர்ந்தது. "மாமா பட்டம் விட்டார்" என்று வாசித்தாள்.

டீச்சர், அவள் ஏமாற்றவில்லை. வாசிப்பது என்றால் இதுதான் என்று நினைத்திருக்கிறாள். வீட்டில் செய்கிற வேலையையே பள்ளியிலும் செய்திருக்கிறாள்.

அதனால் அடியிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். வராந்தாவில் மணலைப் பரப்பி, அ, ஆ, இ. பிறகு கூட்டி வாசிப்பது. நாலாம் வகுப்பும் ஒன்றாம் வகுப்பும் ஒரே மணலில். ஏணிப் படத்தில் எல்லோரையும் கீழ்ப்படிக்கு இறக்கிவிட்டேன். சரிதானா என்று கேட்டால் தெரியாது. வேறு வழி தெரியவில்லை.

பழனாயி


உசிலம்பட்டி வழி
2.9.2008

பழனாயி டீச்சருக்கு,

டீயை ஊற்றி ஒரு சின்னப் பிள்ளையைச் சோதிப்பது என்ன பழக்கம்?

மன்னியுங்கள். இந்த வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதிகாரி மறுபடி வந்தால் சொல்லப்போகிறீர்களா? ஏணியில் இறக்கியதை எப்படியும் பார்ப்பார். அந்த ஏட்டில் என் பெயர் இருக்கிறது. நான் அங்கே விட்டுவிட்டு வந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

இங்கே முனீஸ் வகையறாவுக்கு இப்போது கதை சொல்கிறேன், நடிக்க வைக்கிறேன். பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள். ஆனால் நேற்று ஒச்சம்மாள் என்ற பிள்ளை, புத்தகத்தில் இல்லாத முடிவைத் தானே கட்டி "வாசித்தது". நான் கைதட்டினேன். தட்டிவிட்டு, இதைத்தானே அங்கேயும் செய்தோம் என்று உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தலை சுற்றுகிறது டீச்சர்.

ஏணியில் கவிப்பிரியாவையாவது இறக்காமல் விட்டிருக்கலாம்.

சித்ராதேவி


பெருமாநல்லூர்
20.10.2008

சித்ராதேவி டீச்சருக்கு,

அதிகாரி வரவில்லை. வந்தாலும் ஏட்டைப் பற்றி நானாகப் பேசமாட்டேன். அந்தக் கவலையை விடுங்கள். அதைவிடப் பெரிய கவலை வந்திருக்கிறது.

கவிப்பிரியா பள்ளிக்கு வருவதில்லை. இன்றோடு பதினாறு நாள்.

எழுத்துகளை ஒரே மாதத்தில் பிடித்துவிட்டாள் தெரியுமா? மணலில் அவள் எழுதுகிற "ழ"வைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கூட்டி வாசிக்கத்தான் திணறினாள். இரண்டு எழுத்தைச் சேர்ப்பாள், மூன்றாவது வந்ததும் முதல் எழுத்து மறந்துவிடும். இன்னும் கொஞ்ச நாளில் வந்துவிடும் என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவளைச் சுற்றி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதை நான் கவனிக்கவில்லை. ஏணியின் உச்சியில் இருந்தவளை "ஒண்ணாப்பு அக்கா" என்று அதுகள் கூப்பிட ஆரம்பித்திருக்கின்றன.

வீட்டுக்குப் போனேன். ஆயம்மாள் உள்ளே கூட அழைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய கோபம் என்று உங்களுக்குத் தெரியும். வாசலிலேயே நின்று கேட்டாள்: "ஏனுங்க டீச்சர், மூணு வருசமா எம் புள்ள நல்லாப் படிக்குதுன்னு சொன்னாங்க. பெரிய ஆபீசரே சொல்லிப்போட்டுப் போனாருங்க. உங்க கைக்கு வந்து மூணு மாசத்துல ஒண்ணாப்பு ஆயிருச்சுங்களே, அது எப்படிங்க? படிப்பு வராத புள்ள எதுக்குங்க அங்க வந்து மண்ணுல உக்கோரோணும்? ஊட்டுல உக்காந்து பனியன்ல நூல் பிசிறு வெட்டட்டும். தீவாளிக்கு ஆர்டர் குமிஞ்சு கெடக்குது."

கவிப்பிரியா உள்ளே துணிக் குவியலுக்கு நடுவே கத்தரியோடு இருந்தாள். "வா கண்ணு, நாளைக்கு வந்துரு" என்றேன். அவள் நிமிரவே இல்லை. "எனக்குத்தான் படிக்கத் தெரியாதுங்களே டீச்சர்" என்றாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. யாரோ எவரோ பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

டீச்சர், உங்கள் கையில் அவள் படிக்கத் தெரியாமல், தெரியும் என்று நம்பிப் பள்ளிக்கு வந்தாள். என் கையில் பாதி படிக்கக் கற்றுக்கொண்டு, தெரியாது என்று நம்பி நின்றுவிட்டாள். இதில் எது பாவம்? நான் உண்மையைச் சொன்னேனா, ஒரு பிள்ளையைத் தொலைத்தேனா? கூடமும் கோணல், எனக்கு ஆடவும் தெரியவில்லை. உங்களிடம்தான் கேட்க முடியும் என்பதால் கேட்கிறேன். அவளை ஒன்பது வயதில் வேலைக்கு விட்டுவிட்டு நான் எந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது?

பழனாயி


உசிலம்பட்டி வழி
30.10.2008

அன்புள்ள பழனாயி டீச்சருக்கு,

தீபாவளி அன்று காலையில் உங்கள் கடிதத்தை நாலாவது தடவை படித்தேன். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரியும்.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம். அதிகாரி வந்து போய் மூன்று வாரம் இருக்கும். கவிப்பிரியா என் மேசைக்கு வந்து ஓர் அட்டையை வாசித்தாள். அட்டையை நான்தான் பிடித்திருந்தேன். என் கட்டைவிரல் அதன் கிழிந்த மூலை மேல் இருந்தது. அவள் வாசிக்கவில்லை. அட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். விரலை எடுத்தேன். உடனே கடகடவென்று வாசித்தாள்.

"நல்லாப் படிச்ச கண்ணு" என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றைக்கே ஒன்றாம் அட்டையிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். செய்யவில்லை. அதற்குள் ஊரே பாராட்டிவிட்டது, மாறுதல் மனுவும் போட்டாயிற்று. ஒரு விரலை எடுத்த தப்புதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வருடக் கடைசியில் அவளுக்குக் கொடுக்கப் பரிசு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். கொடுக்கக் கை வரவில்லை. கொடுக்காமலே வந்துவிட்டேன். ஜூலையில் நீங்கள் போன் செய்தபோது, முதல் வார்த்தையிலேயே எல்லாம் புரிந்துபோய்த்தான் வைத்தேன்.

உங்களைத் திட்டியதற்கெல்லாம் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இத்துடன் கவிப்பிரியாவுக்கு ஒரு கடிதம் மடித்து ஒட்டி வைத்திருக்கிறேன். படம் கிடையாது. கோடு போட்டு, பெரிய எழுத்தில், மூன்று தடவை திருத்தி எழுதினேன். அவளிடம் கொடுங்கள். நீங்கள் பிரிக்கக் கூடாது. அவள் கெஞ்சினாலும் வாசித்துச் சொல்லக் கூடாது. யார் எழுதியது என்றும் சொல்லாதீர்கள். கீழே பெயர் போட்டிருக்கிறேன், படித்துக்கொள்ளட்டும். எழுத்தெல்லாம் தெரியும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? இதில் சேர்த்து வாசிக்காமல் ஆகாது. வாசித்தது புரியாமலும் ஆகாது.

இது சரியாக வருமா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் மணலில் செய்ததை நான் காகிதத்தில் செய்கிறேன், அவ்வளவுதான்.

சித்ராதேவி


பெருமாநல்லூர்
23.11.2008

அன்புள்ள சித்ராதேவி டீச்சருக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியும் வரை காத்திருந்தேன். இப்போதும் பாதிதான் தெரியும்.

நவம்பர் நாலாம் தேதி உங்கள் கடிதத்தைக் கவிப்பிரியா கையில் கொடுத்தேன். "உனக்குத்தான் கண்ணு" என்றேன், வேறொன்றும் சொல்லவில்லை. அவள் பெயருக்குக் காகிதம் வந்தது அதுதான் முதல் தடவை. கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள். பிரித்து, வழக்கம் போல மூலையைப் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். கறை இல்லை, கிழிசல் இல்லை. "எங்கிருந்துங்க டீச்சர் ஆரம்பிக்கிறது?" என்றாள். "மேல இருந்து" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து ஆயம்மாள் கம்பெனி விட்டு வருகிற வழியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "புள்ள சோறு திங்காம அதையவே வெச்சுட்டு உக்காந்திருக்குதுங்க. என்னமோ எழுதியிருக்குதாமா, நீங்களே படிச்சுச் சொல்லிப்போடுங்க டீச்சர். எனக்கும் தெரியாதுங்க, அவங்க அப்பனுக்கும் தெரியாதுங்க." எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "முடியாதுங்க" என்றேன். அவள் பார்த்த பார்வை இருக்கிறதே! பிசிறு மூட்டை அப்படியே கிடக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். உங்களை மனசுக்குள் வைதேன். உண்மையாகவே வைதேன்.

பதினேழாம் தேதி திங்கட்கிழமை. பிரார்த்தனை முடிந்து உள்ளே வருகிறேன், அலமாரி முன்னால் சீருடையில் ஒரு பிள்ளை நிற்கிறது. கவிப்பிரியா.

"சாவி குடுங்க டீச்சர்" என்றாள்.

கொடுத்தேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினாள். கீழ்த் தட்டிலும் நடுத் தட்டிலும் அவள் கை போகவில்லை. நேராக மேல் தட்டு. அங்கே பச்சை டப்பா ஒன்றும் நீல டப்பா ஒன்றும் இருக்கின்றன, சாக்பீஸ் என்று நினைத்து நான் இரண்டையும் தொட்டதில்லை. அவள் இடுப்பிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்து, விரல் வைத்து, "நீ... ல... டப்... பா" என்று எனக்கே கேட்கிற மாதிரி படித்துப் பார்த்துவிட்டு நீலத்தை எடுத்தாள். உள்ளே கலர் பென்சில்கள். அப்போதுதான் கடிதத்தை என்னிடம் நீட்டினாள். நான் முதல் தடவையாகப் படித்தேன்.

"கவிப்பிரியா, தப்பு டீச்சர் மேல். உன் மேல் இல்லை. அலமாரியில் மேல் தட்டில் நீல டப்பா இருக்கிறது. அது உனக்கு. பள்ளிக்கு வா."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவில்லை. முப்பது பிள்ளைகளும் பார்த்தன. பார்க்கட்டும்.

இதுவரை நல்ல செய்தி. இனி எனக்குக் குழப்பமான செய்தி.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து, ரகசியம் போல, "பரவாயில்லீங்க டீச்சர். நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?" என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகு கடிதத்தின் கடைசியைக் காட்டி, "இது மட்டும் படிக்க வல்லீங்க" என்றாள். அவள் விரல் உங்கள் பெயர் மேல் இருந்தது. "சி"யைப் படித்துவிட்டாள். "த்"தும் "ரா"வும் ஒட்டுவதில் நின்றுவிட்டாள். உங்களை ஒன்பது வருடம் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரை அவள் எழுத்தில் பார்த்ததே இல்லை. கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த டீச்சர்தான் எழுதினாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அது என் பெயர் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். சொல்லக் கூடாது என்று நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது என்பேன், பொய். எனக்கு அந்த மன்னிப்பு வேண்டியிருந்தது. மணலில் அவளை ஒன்றாம் வகுப்போடு உட்காரவைத்தவள் நான்தானே டீச்சர்?

பள்ளிக்கு ஒழுங்காக வருகிறாள். ஆயம்மாளிடம் சாயங்காலம் ஒரு மணி நேரம் லேபிள் பிரிக்கட்டும், பகலில் என்னிடம் விடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். "பாக்கலாமுங்க" என்றிருக்கிறாள். மணலை நான் நிறுத்தவில்லை. ஆனால் மணலில் எழுதுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் பிள்ளைகள் எழுந்து ஏதாவது செய்து காட்ட வேண்டும். "ஓடு" என்று எழுதினால் அறையே காலியாகிறது. முனீஸுக்கு ஒரு கடிதம் இத்துடன் ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் சொன்னதை அவன் செய்கிறானா என்று மட்டும் பாருங்கள். வாசித்துக் காட்டினால் கணக்கில் சேராது.

கவிப்பிரியா தினமும் மத்தியானம் உங்கள் கடிதத்தை எடுத்துக் கடைசி வரியோடு மல்லுக்கட்டுகிறாள். நேற்று முன்தினம் "சித்" வரை வந்துவிட்டாள். இன்னும் சில நாளில் முழுதாகப் படித்துவிடுவாள். படித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். எனக்கு அதை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது, எப்போது வரும் என்றும் இருக்கிறது.

உங்களுக்கு வந்த மன்னிப்பு அதுவரை என்னிடம் இருக்கட்டும். அவள் படித்த அன்றே அனுப்பிவைக்கிறேன்.

பழனாயி